ஆடுகளத்துக்கு முன்னால் ஒரு படிவம்

2023 ஜூன் மாதம் டெல்லி, போபால், குவாலியர் நகரங்களில் 66ஆவது தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. தமிழ்நாட்டிலிருந்து போயிருக்க வேண்டிய இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் போகவில்லை. உரிய காலத்தில் அணிகளைத் தேர்ந்து பெயர் அனுப்பும் வேலை நடக்காமல் போனதே காரணம். செய்தி வெளியானதும் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார், இனி நேராது என்றும் உறுதி சொன்னார். ஆனால் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடவிருந்த பிளஸ் டூ மாணவருக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. பள்ளியை விட்டு வெளியேறியதும் அந்தப் பிரிவின் கதவும் சாத்திக்கொள்கிறது.

புதிய பருவம் தொடங்கும்போது அணியையும் ஆட்டக்காரர்களையும் பதிவு செய்வதை நாம் எழுத்தர் வேலையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். மைதானம், பயிற்சியாளர், பரிசுத்தொகை பற்றியெல்லாம் பேசுகிறவர்கள் படிவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. திண்டுக்கல் போன்ற ஒரு நடுத்தர நகரத்தில், நாகல் நகர் போன்ற ஒரு நெசவாளர் பகுதியில், ஒரு சிறுமி எந்த ஆட்டம் ஆடுவாள், எத்தனை காலம் ஆடுவாள் என்பதில் அந்தப் படிவத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. சாஃப்ட்பால் போல அதிகம் பரவாத ஆட்டத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை அந்த ஆட்டத்தை மையமாக வைத்து மொத்தக் கேள்வியையும் பார்க்க முயல்கிறது.

சாஃப்ட்பால் 1887இல் சிகாகோவில், ஒரு படகுக் கழகத்தின் கூடத்துக்குள் ஆடும் பேஸ்பால் வகை ஆட்டமாகப் பிறந்தது. இப்போதைய பெயர் 1926இல்தான் வந்தது. பெண்கள் சாஃப்ட்பால் 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. பிறகு நீக்கப்பட்டு, டோக்கியோவில் திரும்பி, பாரிஸில் மறைந்து, 2028 லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் வரவிருக்கிறது. இந்தியாவில் இதற்கான தேசிய சங்கம் 1961இல் அமைந்தது. களத்தில் ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ், ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 அடி. சிறிய மைதானம் போதும். ஆனால் தடுக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கையுறை வேண்டும், கேட்சருக்கு முகக்கவசமும் மார்புக் கவசமும் வேண்டும். கிரிக்கெட்டைப் போல, கார்க் பந்தும் இரண்டு மட்டையும் இருந்தால் தெருவிலேயே ஆரம்பித்துவிடலாம் என்ற வசதி இதில் இல்லை.

திண்டுக்கல்லில் கிரிக்கெட் ஆடும் பையனுக்குப் பல வழிகள் உண்டு. பள்ளி அணி இல்லையென்றால் கிளப் இருக்கிறது. கிளப் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துத் தொடர் இருக்கிறது. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்களை நேரில் பார்க்கலாம். 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வென்றபோது ஊரே அதைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. சாஃப்ட்பால் ஆடும் பெண்ணுக்கோ பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், மாவட்டச் சங்கம் என்று இரண்டே வாசல்கள். அவற்றில் ஒன்றில் பெயர் விடுபட்டால் அந்த ஆண்டு போயிற்று. விடுபட்டவர்களைச் சேர்த்து ஒரு தெரு அணி ஆட இன்னொரு தெரு அணி எதிரே இருக்காது.

பள்ளி வழியில் போகும் பாதையைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் ஓரளவு அறிவார்கள். பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலேறும் போட்டிகள். அதற்கும் மேலே 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. கபடிக்கும் கைப்பந்துக்கும் ஒவ்வொரு படியிலும் அணிகள் நிரம்பி வழியும். பரவாத ஆட்டங்களுக்குக் கீழ்ப்படிகளில் போட்டி நடத்தும் அளவுக்கு அணிகளே தேறுவதில்லை, நேராக மேல்நிலைத் தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும். இதை வசதி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே நடக்கும் ஒவ்வொரு சுற்றும் தாள்களைச் சரிபார்க்கும் ஒத்திகையும்கூட. குறுவட்டத்தில் பிறந்த தேதி பொருந்தவில்லை என்று தெரிந்தால் மாவட்டப் போட்டிக்குள் சரி செய்ய மூன்று வாரமாவது இருக்கும். நேராகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைக்கு அன்று காலைதான் தெரியவரும்.

அதிகம் பேர் இடறி விழுவது வயதில்தான். நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதத்தில் இருப்பது தற்செயல் அல்ல. பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். கையில் சான்று இல்லை. தலைமையாசிரியரே ஒரு தேதியைக் கணித்து எழுதிச் சேர்த்துக்கொண்டார். அன்று அது ஓர் உதவி. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. இன்று மருத்துவமனைப் பிரசவமே வழக்கமாகிவிட்ட தமிழ்நாட்டில் பதிவாகாத பிறப்பு அரிது. சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தையின் பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.

இந்தப் பதினைந்து ஆண்டு அவகாசமே ஒரு கண்ணி. பிறந்த மறுநாள் மருத்துவமனை அனுப்பிய விவரப்படி சான்றில் பாலினம் இருக்கும், பெற்றோர் பெயர் இருக்கும், குழந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எட்டாம் வகுப்பில் மாவட்ட அணித் தேர்வுக்குப் போகும்போதுதான் பெயரில்லாத சான்று செல்லாது என்று தெரிகிறது. நாகல் நகரில் இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. இங்குள்ள சௌராஷ்டிரக் குடும்பங்கள் மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. தலைப்பிரசவம் தாய்வீட்டில். எனவே பிறப்புப் பதிவு அந்த ஊர் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ இருக்கும். இணையம் வந்த பிறகு சான்று எடுப்பது எளிதாகிவிட்டது. ஆனால் பெயர் சேர்க்கவோ எழுத்துப் பிழை திருத்தவோ பிறந்த ஊரின் பதிவாளரிடம்தான் போக வேண்டும். தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டு அப்பா பரமக்குடிக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி ஒரு வீட்டில் எழுந்தால், விளையாட்டு பல நேரம் தோற்றுப்போகும்.

பெயரும் அப்படித்தான். தலைப்பெழுத்து வைக்கும் நம் வழக்கம் அரசுப் படிவங்களோடு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. சௌராஷ்டிரர்களுக்குக் குடும்பப் பெயருக்கு ஓர் எழுத்து, அப்பா பெயருக்கு ஓர் எழுத்து என்று இரண்டு. பாடகர் டி.எம். சௌந்தரராஜனின் முதல் எழுத்து தொகுளுவா என்ற குடும்பப் பெயர், இரண்டாவது தந்தை மீனாட்சி ஐயங்கார் பெயர். இப்படிப்பட்ட ஒரு பெயர் பிறப்புச் சான்றில் ஒற்றைத் தலைப்பெழுத்தோடும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்தும், பள்ளிப் பதிவேட்டில் இரண்டு எழுத்தும் பின்னால் தள்ளப்பட்டும் இருந்தால் இணையப் படிவம் மூன்று வெவ்வேறு ஆட்களாகக் கணக்கு வைக்கிறது. வாழ்நாளில் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் திருத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவசரத்தில் நெட் சென்டரில் போய் எதையோ மாற்றி, அந்த ஒரு வாய்ப்பையும் தவறான தேதிக்குச் செலவழித்துவிடுகிறார்கள். ஆதாரைப் பிறந்த தேதிக்கான சான்றாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றே ஒற்றை ஆதாரம் என்று சட்டமும் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் குழந்தைகள் பதினான்கு வயதுப் பிரிவுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இப்போது ஆடுகிற தலைமுறை பழைய குழப்பத்தில்தான் இருக்கும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். வயது ஏமாற்று உண்மையிலேயே பெரிய நோய். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் 2001ஆம் ஆண்டு உலகத் தொடரில், நியூயார்க் பிராங்ஸ் அணியின் டேனி அல்மோன்டே எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாமல் ஓர் ஆட்டம் முழுக்கப் பந்து வீசினான். பன்னிரண்டு வயதுக்கான போட்டி அது. அவனுக்கு வயது பதினான்கு என்று பிறகு தெரிந்தது. அணியின் மூன்றாம் இடம் பறிக்கப்பட்டது. அவன் தந்தைக்கும் அணியின் அமைப்பாளருக்கும் தடை விதிக்கப்பட்டது. ஆனால் இன்றுவரை அந்த மோசடியோடு ஒட்டி நினைவில் நிற்பது சிறுவனின் பெயர்தான். பெரியவர் செய்த பொய்யின் கணக்கு பிள்ளை பெயரில் எழுதப்படுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

இந்தியாவில் 2010இல் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கிரிக்கெட் வாரியம் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியை அளக்கும் டி.டபிள்யூ.3 முறையைப் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயன்படுத்துகிறது. தாளில் எழுதிய பொய்யை எலும்பு காட்டிக்கொடுக்கும் என்பது நம்பிக்கை. பெருமளவு உண்மைதான். ஆனால் எலும்பு வளர்வது ஊட்டத்தையும் உடல்வாகையும் பொறுத்தது, அது சொல்வது ஒரு மதிப்பீடு. எல்லைக்கோட்டில் நிற்கும் ஓரிரு பிள்ளைகளுக்கு அநியாயம் நேரும் என்பதைத் தெரிந்தே அந்த முறையை ஏற்றிருக்கிறார்கள். பணம் புழங்கும் கிரிக்கெட்டுக்கு அது தேவைப்படலாம். பத்துப் பதினைந்து அணிகள் சேர்வதே அபூர்வமான ஆட்டத்துக்கு, பிள்ளை முதன்முதலில் பள்ளியில் சேர்ந்த நாளின் பதிவேடும் ஐந்து வயதுக்குள் பதிந்த பிறப்புச் சான்றும் போதும் என்பது என் கருத்து. மோசடி செய்கிறவர் எட்டாம் வகுப்பில் தேதியை மாற்றுவாரே ஒழிய எல்.கே.ஜி.யில் மாற்றிக் காத்திருக்க மாட்டார்.

பொய்யே சொல்லாவிட்டாலும் வயதுக்கோடு சிலரைத் தள்ளிவிடுகிறது. 1985இல் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று கண்டார்கள். வயது கணக்கிடும் நாள் ஜனவரி 1. அன்று பிறந்தவனும் டிசம்பர் 31இல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள், இடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி இருக்கிறது. பதிமூன்று வயதில் அந்த ஓராண்டு தோள் அகலத்திலும் வீச்சின் வேகத்திலும் தெரியும். தேர்வாளர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். பதிவுப் படிவத்தில் பிறந்த மாதம் எப்படியும் இருக்கிறது. தேர்வு நாளில் பிறந்த காலாண்டு வாரியாக மார்பில் வெவ்வேறு நிறப் பட்டை கட்டினால் தேர்வாளர் கண் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும். செலவில்லாத வேலை, யாரும் செய்வதில்லை.

எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014இல் சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணி லிட்டில் லீக்கின் அமெரிக்கப் பட்டத்தை வென்றது. தங்கள் எல்லைக்கு வெளியே வசித்த சிறுவர்களைச் சேர்த்ததற்காக அடுத்த பிப்ரவரியில் அந்தப் பட்டம் பறிக்கப்பட்டது. நம்மிடம் பள்ளிகள் விளையாட்டுக்காகப் பிள்ளைகளை இழுத்துக்கொள்வது சகஜம். இலவசக் கல்வியும் விடுதியும் கிடைக்கிறது என்றால் ஏழைக் குடும்பம் அதை ஏன் மறுக்க வேண்டும்? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளே அந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஒரே பருவத்தில் இரண்டு மாவட்டங்களுக்கு ஆடக் கூடாது என்ற ஒரு தடை போதுமானது. தடையில்லாச் சான்று தராமல் பழைய பள்ளியோ சங்கமோ பிள்ளையைப் பிணையாக வைத்துக்கொள்வதுதான் பெரிய தீங்கு.

பெண்களின் கதை தனி. 1972இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி பையன்களோடு லிட்டில் லீக்கில் பந்து வீசினாள். அவளை நீக்காவிட்டால் அணியின் பதிவையே ரத்து செய்வோம் என்று அமைப்பு சொன்னது. மூன்று ஆட்டத்தோடு அவள் வெளியேறினாள். வழக்கு நடந்தது, 1974இல் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதே ஆண்டில்தான் லிட்டில் லீக் பெண்களுக்கான சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கியது. ஒரு பதிவுப் படிவத்தில் எழுந்த தகராறிலிருந்து லட்சக்கணக்கான சிறுமிகள் ஆடும் ஒரு போட்டி அமைப்பு பிறந்தது.

நம் ஊரில் பெண்பிள்ளையை ஆடக் கூடாது என்று படிவம் சொல்வதில்லை. பெற்றோர் கையெழுத்து என்ற கட்டத்தில்தான் அது நிற்கிறது. மாவட்டத்துக்குள் போட்டி என்றால் அம்மா சம்மதிப்பார். வெளி மாவட்டத்தில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால் கூட யார் வருகிறார், எங்கே தங்குவார்கள், கழிப்பறை எப்படி என்று கேட்பார். அவை அத்தனையும் நியாயமான கேள்விகள். படிவத்தில் அவற்றுக்கு விடை இல்லை. குழந்தையைப் பற்றிப் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஆதார் எண், வங்கிக் கணக்கு, புகைப்படம் எல்லாம் கேட்கிற நாம், அவளை அழைத்துப் போகும் பெரியவரைப் பற்றி ஒரு வரியும் பெற்றோருக்குத் தருவதில்லை. லிட்டில் லீக்கில் பயிற்சியாளராகத் தன்னார்வத்தில் வருகிறவர்கூட ஆண்டுதோறும் விண்ணப்பம் நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். இங்கே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. குற்றம் நடந்த பிறகு தண்டிக்கும் சட்டம் இருக்கும்போது, நடக்காமல் தடுக்கும் முதல் வேலியைப் பதிவிலேயே போட முடியும். பயிற்சியாளர், அணி மேலாளர், உடன் செல்லும் பெண் ஆசிரியர் ஆகியோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தங்குமிட முகவரியும் பெற்றோர் கையெழுத்திடும் அதே தாளில் அச்சிட்டிருக்க வேண்டும். கையெழுத்துகள் கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தாள்கள் எங்கே போகின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. ஆதார் நகலும் புகைப்படமும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகின்றன. ஜெராக்ஸ் கடைக் கணினியின் திரையில் அப்படியே கிடக்கின்றன. 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் தரவைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவோடுதான் கையாள வேண்டும் என்கிறது. மாவட்ட அளவில் இது இன்னும் இறங்கி வரவில்லை.

இணையவழிப் பதிவு நிறையப் பேரை உள்ளே கொண்டுவந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு 2024இல் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரும், 2025இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோரும் பதிவு செய்தார்கள். கையால் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய காலத்தில் இது நடந்திருக்காது. ஆனால் ஓ.டி.பி. அப்பாவின் கைபேசிக்குப் போகும். அப்பா தறியில் இருப்பார், அல்லது பீரோ பூட்டுப் பட்டறையில், அல்லது திருப்பூரில். உடற்கல்வி ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளுக்கு ஐம்பது வீட்டுக்குப் போன் செய்து அந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறார். பல பள்ளிகளில் அந்த ஒருவர்தான் பயிற்சியாளர், எழுத்தர், ஓட்டுநர், செலவுக்குக் கைப்பணம் போடுகிறவர். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் தரவுத் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது, பிறந்த தேதியும் படிக்கும் வகுப்பும் இருக்கின்றன. அதே தகவலை ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்வது ஆசிரியரின் மாலை நேரத்தை வீணாக்குகிறது. அந்த மாலை நேரம் மைதானத்துக்குச் சேர வேண்டியது.

சான்றிதழின் மதிப்பு என்ன என்பதுதான் பெற்றோரின் கடைசிக் கேள்வி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு. ஆனால் அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்திய போட்டியின் சான்றிதழ்தான் அங்கே எடுபடும். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சங்கங்கள் உருவாகி இரண்டும் பதிவுக் கட்டணம் வாங்குவது இந்திய விளையாட்டில் பழைய வியாதி. எது செல்லும் என்பது மூன்றாண்டு கழித்துக் கலந்தாய்வில்தான் தெரிய வருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் அங்கீகாரம் வழங்க ஒரு வாரியத்தையும் வழக்குகளுக்கு ஒரு தீர்ப்பாயத்தையும் அமைக்கச் சொல்கிறது. மாவட்டத்துப் பெற்றோருக்கு வேண்டியது அதைவிட எளிது. மாவட்ட விளையாட்டு அரங்கின் அறிவிப்புப் பலகையில், இந்த ஆண்டு எந்த ஆட்டத்துக்கு எந்தச் சங்கம் அங்கீகாரம் பெற்றது என்ற ஒரு பட்டியல் ஒட்டப்பட வேண்டும்.

காலத்தையும் மாற்றியாக வேண்டும். பள்ளி திறந்து, புத்தகம் கொடுத்து, ஆசிரியர் மாறுதல் முடிந்து, ஜூலையில் அவசரமாகப் பெயர் கேட்கும் வழக்கத்தில்தான் பிழைகள் பிறக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் போட்டிகளை முடிக்க வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. ஆறாம் வகுப்பு மாணவர் சேர்க்கை நாளிலேயே பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் பெற்றோருக்கு எழுத்தில் சொல்லலாம். பதினைந்து ஆண்டு அவகாசத்தில் நான்கு ஆண்டுகளாவது அப்போது மீதி இருக்கும். ஜனவரியில் நாகல் நகர் போன்ற பகுதிகளில் மாநகராட்சிப் பதிவாளர் அலுவலகம் ஒரு நாள் முகாம் போடலாம், வெளியூரில் பிறந்தவர்களின் விண்ணப்பங்களை வாங்கி உரிய ஊருக்கு அனுப்பிவைக்கலாம். ஏப்ரலில் அணிப் பட்டியலின் வரைவைப் பள்ளிப் பலகையில் ஒட்டி, வாக்காளர் வரைவுப் பட்டியல்போல ஆட்சேபத்துக்கும் சேர்ப்புக்கும் பத்து நாள் கொடுக்கலாம். தன் பெயர் இருக்கிறதா என்று பிள்ளையே போய்ப் பார்த்துக்கொள்ளும்.

இவை எல்லாம் செய்தும் ஒரு பெயர் விடுபடலாம். ஆசிரியர் விடுப்பில் இருந்தார், சர்வர் கடைசி நாளில் படுத்துவிட்டது, அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை. இப்போதைய விதிகளில் இதற்குத் தண்டனை பிள்ளைக்கு மட்டும்தான். பெரியவரின் தாமதத்தால் விடுபட்ட பெயரை முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை வரை தலைமையாசிரியரின் எழுத்துமூலப் பொறுப்பேற்பின் பேரில் சேர்க்கலாம், தாமதத்துக்கான விளக்கத்தை அந்த அலுவலர் பின்னர் தர வேண்டும் என்று ஒரு விதி போதும். அந்த விதியை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அளவிலேயே இந்தப் பருவத்திலிருந்து நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம்.